துண்டிப்புக்காரனின் கறிமிளகாய்

ஒன்பது வாளி.
பெயின்ற் கடைக்காரர் சும்மா தந்தவை.
அடியில் ஆணியால் துளைபோட்டு
கிணற்றடி மதிலோரம் வைத்திருக்கிறேன்.
உட்துறைமுக வீதியில்
எங்கள் ஒழுங்கைத் தண்ணீர் கொஞ்சம் உவர்,
அதனால் பீப்பாய் மழைநீர்தான் ஊற்றுவது.
ஒன்பதிலும் கறிமிளகாய்.

விவசாயக் கந்தோர்ப் போதனாசிரியை றிபாயா
பில் கட்ட வந்த இடத்தில் சொல்லிவிட்டுப் போனா:
"ஏழாவது இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்க.
முதல் பூவையும் விடாதீங்க.
மண்ணில முட்டுற இலையெல்லாம் எடுங்க,
கச்சான் காத்து அடியால போய் வரணும்.
ஈரமில்லாத காலையில, வெயில் ஏற முன்னம்,
பிளேட்டைக் கொதிதண்ணியில காட்டிப்போட்டு."

நான் மின்சார சபையில் துண்டிப்புக்காரன்.
நாளுக்குப் பதினைந்து, இருபது வீடு.
சிவப்புத் தாள், ஏணி, கட்டர்.
மனையாவெளியில் ஒரு வீட்டுச் சன்னலுக்குள்
மின்விசிறி மெல்ல மெல்ல நிற்பதை
தொட்டிலில் கிடந்த பிள்ளை
கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.
இறங்கி ஏணியை மடக்கி
அடுத்த விலாசத்தை வாசித்தேன்.
இந்தக் கை நடுங்கியதில்லை.

ஆனால் அந்த ஏழாவது இலைக்கு மேலே
அரிசிமணியளவில் ஒரு பச்சை,
தன்னைத் தானே பொத்திக்கொண்டு.
பிளேட்டைக் கொண்டுபோவேன்.
பிளேட்டைக் கொண்டுவருவேன்.
வசுமதி சிரித்தாள்:
"சம்பளம் தந்தால்தான் வெட்டுவீங்க போல."

செடிகள் வளர்ந்தன, மேலே மட்டும்.
ஒற்றைத் தடி, உச்சியில் கொஞ்சம் இலை,
பள்ளிக்கூடம் விட்டு வரும் நெட்டைப் பெடியன்கள்போல்
ஒருவரில் ஒருவர் சாய்ந்துகொண்டு.
ஒன்று அவசரப்பட்டுக் காய்த்து
சுண்டுவிரலளவு காயின் பாரத்துக்கே
இடுப்பு வளைந்தது.
குச்சி நட்டு, பழைய சாறத்துக் கிழிசலால் கட்டினேன்.

ஆடி மாதம் ஒரு வியாழன் இரவு
படலையைப் பூட்ட மறந்திருக்கிறேன்.
கோட்டைப் பக்கத்து மான்கள்
பஸ் நிலையம், சந்தை எல்லாம் சுற்றி
ஒழுங்கைக்குள் வந்திருக்கின்றன.
விடிய எழும்பிப் பார்த்தால்
ஈரமணலில் பிளவுக் குளம்பு,
மிளகு கொட்டினதுபோல் புழுக்கை,
ஒன்பது மொட்டைத் தடிகள்.
ஒரு வாளியும் விழவில்லை.
ஒரு செடியும் வேரோடு வரவில்லை.
வரிசையாக, ஒரே உயரத்தில்,
வேலை தெரிந்த ஆள் செய்த மாதிரி.
சாறத்துக் கிழிசலையும் தின்றிருந்தன.

அன்றைக்கு நான் ஏழு வீடுதான் வெட்டினேன்.

பதினோராம் நாள் மீன் கழுவின தண்ணீரோடு போன வசுமதி
"இஞ்ச வாங்க" என்றாள்,
சத்தம் போட்டால் ஓடிவிடும் எதையோ கண்டவள்போல.
உதிர்ந்த இலையின் தழும்புக்கு மேல்
கக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி.
மற்றக் கக்கத்திலும்.
பிறகு எண்ணுவதை விட்டுவிட்டோம்.

புரட்டாதிக்குள் கவர் விட்டு
கவர்மேல் கவர் விட்டு
வாளிக்கு வாளி நிழல் விழுந்தது.
இலைக்குள் கையை நுழைத்தால்
காய் குளிர்ந்து விரலில் முட்டுகிறது.
இப்போது கிள்ளுகிறேன்.
உள்ளுக்கு வளரும் கொப்பு, மஞ்சளான அடியிலை,
சுருண்டு தடித்த குருத்து,
பிளேட் சன்னல் விளிம்பிலேயே கிடக்கிறது.

வெட்டினால் தழைக்கும் என்பது
செடிக்கு.
போன கிழமை மனையாவெளிப் பக்கம் போனேன்.
அந்தச் சன்னலில் மெழுகுதிரி வழிந்து காய்ந்திருந்தது.
நான் வெட்டின இடத்தில்
எதுவும் கவர் விட்டிருக்கவில்லை.

றிபாயாவுக்கு ஒரு பை காய் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
ஒன்றை எடுத்து முறித்து மணந்து பார்த்தா.
"நுனியைக் கிள்ளின நீங்கதானே?"
"ஓம், கிள்ளினது" என்றேன்.
ஆர் என்று
அவ கேட்கவில்லை.